மூன்று முறை கூப்பிட்ட பெயர்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலில் சாய்ந்தால், மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே எனக்கு இன்னும் அந்தக் குரல் கேட்கிறது. டவாலி போட்ட கோர்ட்டு ஊழியர் வாசலுக்கு வந்து, வராந்தாவின் கடைசித் தூண் வரைக்கும் எட்டுகிற மாதிரி ஒரு பெயரைக் கூப்பிடுகிறார். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிடுகிறார். அப்போதும் யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடும்போது நான் தூக்கத்திலேயே சிரிக்கிறேனாம். என் வீட்டுக்காரர் சொல்கிறார். "ஊரெல்லாம் அழுதுக்கிட்டு வர்ற எடம், அங்கன உனக்கு மட்டும் என்ன சிரிப்பு?" என்று அவருக்குத் தீராத சந்தேகம். அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவரிடம் நான் சொன்னதில்லை.

போன மாதம் பழைய முகங்களைப் பார்த்து வரலாமென்று கோர்ட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் வழக்கு எண் சிவப்பாக எரிகிறது. எண் மாறியதும் ஆட்கள் எழுந்து உள்ளே போகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. பாதிப் பேர் கைப்பேசியிலேயே ஆஜராகிவிடுகிறார்கள். என்னிடம் கடைசியாகத் தொழில் பழகிய பெண் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "அக்கா, நம்ம சங்கத்து ஆண்டு மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. நீங்க ஜெயிச்சதுலயே பெரிய கேஸ் எதுவோ அதைப் பத்தி" என்றாள்.

எனக்கு உடனே நினைவு வந்தது தள்ளுபடியான ஒரு மனு. நேரில் சொன்னால் சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எழுத்தில் சொன்னால் அந்தச் சிரிப்பு என் காதில் விழாது. அதனால் எழுதுகிறேன்.

விருதுநகரில் என் அப்பாவுக்குப் பருப்பு மண்டி. சட்டம் படித்தது மதுரையில். அந்த வருஷங்களைப் பற்றிக் கேட்டால் வைகைப் பாலத்தில் பஸ் நகராமல் நின்ற நேரங்கள்தான் தெளிவாக இருக்கின்றன. மற்றதெல்லாம் கலங்கிக் கிடக்கிறது. படித்து முடித்து ஊருக்கு வந்து அழகர்சாமி சாரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன்.

அவர் சொத்து வழக்குகளில் பெரிய கை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, பொதுக்கிணறு, வண்டிப் பாதை என்றால் காரியாபட்டியிலிருந்து சாத்தூர் வரை அவரைத்தான் தேடி வருவார்கள். குடும்ப வழக்கென்றால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். "பொம்பளைங்க கேஸைப் பொம்பளையே பாரு தாயி" என்று கேஸ் கட்டை என் பக்கம் தள்ளிவிடுவார். பெருந்தன்மையில் இல்லை, சோம்பலில்தான். சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்து, எதிராளியின் மனுவை நெஞ்சின் மேல் விரித்துக்கொண்டு தூங்குவார். மேஜை இழுப்பறையில் சாத்தூர் சேவுப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். அதில் ஒரு துண்டு யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் குறுக்கு விசாரணைக்கு எழுந்துவிட்டால் அவர் வேறு ஆள். சாட்சியிடம் கேள்வி கேட்கும்போது கண்ணாடி மூக்கில் இருக்கும். தனக்கு வேண்டிய பதில் வந்துவிட்டால் கண்ணாடி கைக்கு வந்துவிடும். கண்ணாடி கைக்கு வந்துவிட்டால் உட்கார்ந்துவிடுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். "கேக்கத் தெரியறது பாதி தாயி, உக்காரத் தெரியறது பாதி" என்பார். இன்னொன்றும் சொல்வார். "கூண்டுல நிக்கிறவன் கிட்ட ஏன்னு மட்டும் கேட்டுறாத. ஆமாவா இல்லையான்னு கேளு. ஏன்னு கேட்டா அவன் வாயத் தொறந்துருவான். தொறந்த வாயிலிருந்து என்ன வரும்னு சாமிக்கே தெரியாது."

எல்லா வக்கீல்களுக்கும் தெரிந்த பாலபாடம் இது. நானும் பத்திரமாகக் கடைப்பிடித்தேன். பல வருஷம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. எத்தனை விவாகரத்துக் கட்டுகளைப் புரட்டியிருக்கிறேன்! அடித்தாரா, ஆமாம். வீட்டை விட்டுப் போனாளா, ஆமாம். 'ஏன்' என்ற ஒரு சொல்லை மட்டும் எந்தக் கட்டிலும் பார்த்த ஞாபகம் இல்லை.

வெளியே இருக்கிறவர்கள் குடும்ப வழக்கென்றால் கூச்சலும் கண்ணீருமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்கத்தான் செய்யும், அரைமணி நேரம். மீதி நாளெல்லாம் காத்திருப்பு. வெயில் வராந்தாவில் தூண் தூணாக நகரும். தூரத்தில் எங்கேயோ பட்டாசுக் கம்பெனியில் சரக்கு வெடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் காற்றில் தேய்ந்து தேய்ந்து வந்து சேரும்போது யாரோ கதவைச் சாத்தியது போல இருக்கும். எதிரெதிர்த் தூணில் புருஷனும் பெண்டாட்டியும் சாய்ந்து ஒரே நேரத்தில் கொட்டாவி விடுவார்கள். அதைப் பார்த்துவிட்டால் எனக்கும் கொட்டாவி வந்துவிடும்.

மல்லாங்கிணறிலிருந்து ஒரு தம்பதி வந்துகொண்டிருந்தார்கள். கோர்ட்டு நேரத்துக்கு வர அவர்களுக்கு ஒரே பஸ்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் ஒரே குடையில் நடந்து வருவார்கள். கேட்டுக்கு வந்ததும் அவர் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து எதிர்மனுதாரராக நிற்பார். எனக்கும் தெரியும், அவருடைய வக்கீலுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் பார்க்காத மாதிரியே இருந்தோம்.

சிவகாசியிலிருந்து வந்த ஒருவர் தினசரி காலண்டர் அச்சடிப்பவர். வெள்ளிக்கிழமை வக்காலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், மணியைப் பார்த்து "ராகுகாலம் முடியட்டும்மா" என்றார். "நீங்கதான அத அச்சடிக்கிறீக?" என்று கேட்டேன். "அச்சடிக்கிறது ஆர்டருக்கு. பயப்படுறது சொந்தத்துக்கு" என்றார். அவர் கையெழுத்துக்காக மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

நாரணாபுரத்தில் ஒரு வீட்டுக்குச் சீர் சாமான் திருப்பிக் கொடுப்பதை மேற்பார்வை பார்க்கும் ஆணையராகக் கோர்ட்டு என்னை அனுப்பியது. பெண்ணின் அப்பா டெம்போவோடு வாசலில் நின்றார். உள்ளே மாமியார்க்காரி பித்தளை அண்டா, குடம், தூக்கு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வரிசையாக அடுக்கியிருந்தார். வாயில் வசவு ஓயவில்லை. கை மட்டும் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி அரிசியைப் போட்டுக்கொண்டே போனது. "இது எதுக்கும்மா?" என்றேன். "வெறும் பாத்திரமா எப்பிடிக் குடுக்க? கோர்ட்டு பிரிச்சு விடட்டும், அது வேற. அந்த வீட்டுலருந்து பாத்திரம் வெறுசா வந்துச்சுன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாதுல்ல" என்றார். அறிக்கையில் 'பாத்திரங்கள் அரிசியுடன் ஒப்படைக்கப்பட்டன' என்று எழுதினேன். நீதிபதி அந்த வரியை இரண்டாவது தடவை படித்தார். அந்த விவாகரத்து என்னவோ ஆகத்தான் செய்தது.

இப்போது மகேஸ்வரியின் கதைக்கு வருகிறேன்.

காரியாபட்டிப் பக்கத்தில் ஒரு கிராமம். கடலையும் பருத்தியும் போடுகிற நிலபுலம் உள்ள குடும்பம். சிவகாசி மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பெயர் தனுஷ்கோடி. அச்சாபீஸில் காகிதம் வெட்டும் மெஷினில் வேலை, கை நிறையச் சம்பளம், வீட்டில் அம்மா மட்டும். கல்யாணமாகி ஒரு வருஷம் முடியாமல் விவாகரத்து மனு போட முடியாது. அந்த வருஷம் முடிகிறவரைக்கும் பிறந்த வீட்டில் காத்திருந்து, முடிந்த கையோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"என்னம்மா குறை?" என்றேன்.

"வெளக்குக்கா."

எனக்குப் புரியவில்லை. வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "அடிப்பாரா?"

"இல்லக்கா."

"குடியா? வேற பொம்பளையா?"

"ஐயய்யோ, அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. நல்ல மனுசன். வீட்டுல வெளக்கேத்த விடமாட்டாக. அம்புட்டுத்தான்."

அந்த வீட்டில் நெருப்பே கிடையாது. கேஸ் அடுப்பு இல்லை, கரண்டு அடுப்புதான். மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம் அது. கரண்டு போனால் உலை கொதிக்காது. சாமி படத்துக்கு முன்னால் தனுஷ்கோடி ஒரு பிளாஸ்டிக் விளக்கு வாங்கி வைத்திருந்தார். "சுச்சுப் போட்டா நாக்கத் துருத்தித் துருத்திக் காட்டுதுக்கா. அதப் பாத்து எப்பிடிக் கும்புட?" என்றாள். அவள் அம்மா கொடுத்த குத்துவிளக்கைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டார். ஊதுபத்தி கூடாது, சூடம் கூடாது. தீப்பெட்டி செய்கிற ஊரில் அந்த வீட்டில் ஒரு தீப்பெட்டி இல்லை. ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். மாமியாரைக் கேட்டால், "அவனுக்கு ஆகாது, விட்டுரு" என்று அவரும் உள்ளே போய்விடுவார்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் திருக்கார்த்திகை. பொரியும் அப்பமும் புது அகல்விளக்குகளும் எடுத்துக்கொண்டு மகேஸ்வரியின் அப்பாவும் அம்மாவும் சீர் கொண்டு வந்தார்கள். இன்றைக்கு மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று, அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் வாசல் முழுக்க ஏற்றிவிட்டாள். தெருவில் எல்லா வாசலிலும் விளக்கு எரிந்தது. அவர் வந்தார், பார்த்தார், உள்ளே ஓடிக் குடத்தோடு திரும்பி வந்து அத்தனை விளக்கின் மேலும் தண்ணீரை ஊற்றினார். தெருவே பார்த்தது. ஒரு வார்த்தை பேசாமல் வெறும் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாராம். "அணைஞ்ச வெளக்குக்கு முன்னாடி எம் மக வாழ வேணாம்" என்று அவள் அம்மா அப்போதே கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

"சம்மதத்தோட பிரிஞ்சா சீக்கிரம் முடிஞ்சிரும்மா" என்றேன்.

"வேணாம்க்கா. கொடுமைன்னு கோர்ட்டு சொல்லணும். சும்மா பிரிஞ்சு போனா, வெளக்கேத்தத் துப்பில்லாம வந்தவன்னு ஊரு எம் மேலதான் சொல்லும். எனக்கு அந்தப் பேரு வேணாம்."

அவளுக்கு அதுதான் முக்கியமாக இருந்தது. அவள் வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டிய பேச்சு அது. நான் மனு எழுதினேன்.

எதிர்மனுதாரரின் பதில் வந்தது. என் தொழிலில் அப்படி ஒரு பதிலை நான் கண்டதில்லை. மனுவில் கூறியவை உண்மை, ஆனால் விவாகரத்துக்குச் சம்மதமில்லை. அவ்வளவுதான். அவருடைய வக்கீல் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார். "வாயத் தொறக்க மாட்டேங்கிறான்மா. நான் என்னத்த எழுத?" என்றார்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனுஷ்கோடி வந்தார். வராந்தாவில் தீயணைக்கச் சிவப்பு வாளிகளில் மணல் நிரப்பிக் கொக்கியில் மாட்டியிருப்பார்கள். மணல் பெயருக்குத்தான். பீடித் துண்டும் டீ கப்பும்தான் அதில் கிடக்கும். தனுஷ்கோடி எப்போதும் அந்த வாளிக்குப் பக்கத்திலேயே நிற்பார். ஒருநாள் வாளியிலிருந்து பீடித் துண்டுகளைப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். சுத்தம் பார்க்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்க்கப் போனேன். மகேஸ்வரி எதிர்த் தூணுக்குப் பின்னாலிருந்து, "ஆளு எளைச்சுப் போயிட்டாகல்லக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நாள் வந்தது. நீதிபதி வருவதற்கு முன்னால் பெஞ்ச் கிளார்க் வழக்கம்போல சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றத் தீக்குச்சியை உரசினார். தனுஷ்கோடி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். குச்சி உரசிய சத்தத்தில் அவர் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. கண்கள் நெருப்பைப் பார்க்கவில்லை. தரையில் மூலை மூலையாக எதையோ தேடின. ஊதுபத்தி புகைய ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அறையில் வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை.

கூண்டில் ஏறினார். நான் எழுந்தேன்.

"உங்க வீட்டுல கேஸ் அடுப்பு கிடையாது. சரிதானா?"

"ஆமா."

"மனைவி சீராகக் கொண்டு வந்த குத்துவிளக்கைப் பரணில் போட்டீர்கள்."

"ஆமா."

"கார்த்திகை அன்று, அவருடைய பெற்றோர் முன்னிலையில், எரிந்துகொண்டிருந்த விளக்குகளில் தண்ணீரை ஊற்றினீர்கள்."

"ஆமா. ஊத்துனேன்."

பின்வரிசையில் அழகர்சாமி சாரின் கண்ணாடி கைக்கு வந்துவிட்டது. உட்கார் என்று அர்த்தம். வழக்கு முடிந்தது. எனக்கும் தெரியும். ஆனால் கால் மடங்கவில்லை. 'ஏன்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் உட்கார மனம் வரவில்லை. நான் மகேஸ்வரியின் வக்கீல். என் கேள்வியால் அவள் வழக்கு உடைந்தால் அது துரோகம். கேட்காமல் உட்கார்ந்துவிட்டால் அந்த மனிதரைத் தெரியாமலேயே அவள் பிரிந்து போவாள். நான் நிற்பதைப் பார்த்த நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். அந்தக் கடிகாரத்துக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

வேப்ப மரத்தடியில் மகேஸ்வரி டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா புரோட்டாக் கடைக்குப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கேஸ் நம்ம கையில இருக்கு மகேசு. இனி நான் ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல."

"அப்ப எதுக்கு நின்னுக்கிட்டே இருந்தீக?"

"ஏன்னு ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. நான் கேட்டா கோர்ட்டு எழுதிக்கிடும். நீ கேட்டா யாரும் எழுத மாட்டாக. ஆனா ஒண்ணு. பதிலத் தெரிஞ்சுக்கிட்டா, பெறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது. கேட்டுத்தான் ஆகணும்னு இல்ல. யோசிச்சுக்க."

அவள் யோசித்த மாதிரி தெரியவில்லை. டிபன் பாக்ஸை மூடினாள். எழுந்து வராந்தாவில் சிவப்பு வாளிக்குப் பக்கத்தில் நின்றவரிடம் போனாள். அவருடைய வக்கீல் எங்களைப் பார்த்துவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார். மரத்தடியிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"ஏங்க. அன்னிக்கு ஏன் தண்ணி ஊத்துனீக?"

அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"முந்தி நான் அச்சாபீஸ்ல இல்ல மகேசு. பட்டாசுக் கம்பெனில போர்மேன். பொண்ணு வீட்டுல சொல்லாதன்னு அம்மா சத்தியம் வாங்குச்சு. அங்கன ஒரு சம்பவம் ஆயிப் போச்சு. வெள்ளி மருந்துத் தீயில தண்ணி ஆகாது, மணல்தான் போடணும். நாந்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுப்பேன். அன்னிக்கு மணல் வாளி எங் காலடியிலயே இருந்துச்சு. நான் தண்ணிக்கு ஓடிட்டேன். தொட்டி அந்தக் கோடியில. திரும்பி வாரதுக்குள்ள பாண்டியம்மா அக்கா இல்ல. எனக்குத் தெனமும் தூக்குல சோறு கொண்டாரும் அந்த அக்கா."

அவர் கை வாளியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

"கார்த்திகையன்னிக்கு நீ வாசல்ல குனிஞ்சு நின்ன. ஓஞ் சேலை முந்தி வெளக்குக்கு மேல ஆடுச்சு. அதுக்குப் பெறகு எனக்கு ஒண்ணும் தெரியாது. பாத்தா கையில கொடம் இருக்கு."

எங்கள் பக்கத்தில் பட்டாசு விபத்தை வீட்டில் பேசமாட்டார்கள். 'சம்பவம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். பெண் பார்க்கப் போகும்போது அந்தச் சொல்லையும் மென்று விழுங்கிவிடுவார்கள். தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம். தெருவில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று வீட்டையே ஊரின் இன்னொரு பக்கத்துக்கு மாற்றியிருந்தார் தனுஷ்கோடியின் அம்மா. தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும்.

மகேஸ்வரி அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"இதச் சொல்ல உங்களுக்குக் கோர்ட்டு வேணுமா? ஒரே வீட்டுல ஒரே தட்டுல சாப்பிட்டமே, அப்ப வாயில என்ன இருந்துச்சு? எங்காத்தா உங்களப் பைத்தியம்னு சொல்லுச்சு. நானும் ஆமான்னேன். என்ன அப்பிடிச் சொல்ல வச்சுட்டீகளே."

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கோபத்திலேயே அழுதாள். "எனக்கு ஆறலக்கா. கேஸ் நடக்கட்டும்" என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு கோர்ட்டு கூடியதும், மேற்கொண்டு கேள்வி இல்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வாதத்துக்கு வேறு தேதி போட்டார்கள். அழகர்சாமி சார் படியில் இறங்கிக்கொண்டே, "கையில இருந்த கேஸைக் கொண்டுபோய் வேப்ப மரத்தடியில வச்சுட்டு வந்துட்டியே தாயி" என்றார்.

அந்தத் தேதி வரைக்கும் மகேஸ்வரியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவள் அப்பாவைக் கூப்பிட்டால், "அது பேச மாட்டேங்குது வக்கீலம்மா, கொல்லையிலயே உக்காந்து கெடக்கு" என்றார். வாதத்துக்குக் குறித்த நாளன்று சீக்கிரமே கோர்ட்டுக்குப் போய்விட்டேன்.

டவாலிக்காரர் வாசலுக்குப் போனார். "மகேஸ்வரி." வராந்தாவில் ஒரு அரவமும் இல்லை. நான் பாதி எழுந்துவிட்டேன். எழுந்து வாய்தா கேட்டால் நீதிபதி கொடுத்துவிடுவார், வழக்கும் பிழைத்துக்கொள்ளும். "மகேஸ்வரி." எதிர்த்தரப்பு நாற்காலியும் காலி. ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டதோ என்று வாசலையே பார்த்தேன். ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் தூக்கத்தில் நடப்பது போல இருந்தது. மின்விசிறி சுற்றியது, வெளியே வேப்பிலை சலசலத்தது, மூன்றாவது முறை அந்தப் பெயர் வெயிலுக்குள் போய்க் கரைந்தது.

"மனுதாரர் தரப்பு?" என்றார் நீதிபதி.

"கட்சிக்காரர் எதுவும் சொல்லி அனுப்பவில்லை ஐயா."

அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, மனுதாரர் ஆஜராகாததால் மனு தள்ளுபடி என்று எழுதினார். திரும்பி வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். அழகர்சாமி சார் ஒன்றும் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து சேவுப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் சேதி இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் பயம். நினைத்தபடி இல்லையென்றால் என்ன செய்வது? அந்த வருஷத்துக் கார்த்திகை அன்று சிவகாசியில் ஒரு நிச்சயதார்த்தம். முடிந்து பொழுது சாயும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். என் கால்தான் திரும்பியது.

எல்லா வாசலிலும் விளக்கு. அந்த வாசலிலும் இருந்தது. படியில் விரல் கனத்துக்கு ஆற்று மணலைப் பரப்பி, அதில் அகல்களைப் பதித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் புதுச் சிவப்புப் பெயிண்ட் அடித்த வாளி நிறைய மணல். தனுஷ்கோடி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கையை வாளிக்குள் விட்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கண் மட்டும் விளக்குகளை விட்டு நகரவில்லை. மகேஸ்வரி சேலை முந்தியை இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்கெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார், கையில் மணலோடு.

"வாங்கக்கா, வாங்க. சாப்பிட்டீகளா? அப்பம் இருக்கு" என்றாள் மகேஸ்வரி. நேற்றுத்தான் பார்த்துப் பேசியவள் போல இருந்தாள்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாம்லம்மா. அன்னிக்கு மூணு தடவ கூப்பிட்டாக. நான் என்னமோ ஏதோன்னு பயந்து போனேன்."

"கேட்டுச்சுக்கா."

"கேட்டுச்சா? எங்கன இருந்தீக?"

"அங்கனதான், வேப்ப மரத்துக்குப் பின்னால. ரெண்டு பேரும்." எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "மொதத் தடவ கூப்பிட்டதுமே இவுக எந்திரிச்சுட்டாக. கோர்ட்டு கூப்பிட்டா போகணும்லன்னு ஒரே பயம். நாந்தான் கையப் பிடிச்சு உக்கார வச்சேன். ரெண்டாந் தடவ கூப்பிடயில எனக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. மூணாவது தடவ கூப்பிடயில பாருங்க, ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சுக்கா."